கர்னலின் நெருங்கிய உறவினர்

மனித குலத்துக்குக் கிடைத்த மாபெரும் மரியாதை எது என்று கேட்டால், கண்ணுகளா, தயங்காமல் சொல்லிவிடலாம்: தலைச்சோலைப் பக்கத்து எஸ்டேட் ஒன்றின் பங்களா வாசலில் நடந்த ரத்தப் பரிசோதனை முகாம்தான். மணல் ஈ கடித்துப் பரவும் ஒட்டுண்ணி நோய் ஒன்று. நாய்க்கும் வரும், மனிதருக்கும் வரும். நோய்க்குப் பாகுபாடு பார்க்கத் தெரியாது. அந்தக் குறையைச் சரிசெய்யத்தான் முகாமே வந்தது.

விதி எளிமையானது. முதலில் நாய். நாய்க்கு நோய் உறுதியானால், அதோடு பழகும் 'குடும்பத்தார்'. நாயில்லாத மனிதர் வெறும் மனிதர். அவருக்கு ஊசி கிடையாது.

கண்ணம்மாள் வெறும் மனிதர். மிளகு பறித்த நாளிலிருந்து காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. வயிற்றில் இடப்பக்கம் கல்லாகக் கனத்தது. பங்களா நாய் கர்னலைக் குளிப்பாட்டிச் சோறூட்டுவது அவள் வேலை. தொழிலாளர் லைன் வீடுகளில் நாய் வளர்க்க அனுமதியில்லை.

"ஏனுங்க, அப்புடியே எனக்கும் ஒரு சொட்டு எடுத்துப் பாருங்க," என்றாள், முகாம் அதிகாரி ஆண்டனி ராஜிடம்.

"உங்களுக்கு நாய் இருக்குதாம்மா?"

"இல்லீங்க. காச்சல்தான் இருக்குது."

"காச்சல் மட்டும் இருந்தாப் பத்தாதும்மா. நாய் இருக்கோணும்."

நாயில்லாமல் நோய்க்கு ஆசைப்பட்ட தன் அவசரத்தை எண்ணிக் கண்ணம்மாள் வெட்கி, குத்தவைத்துக் கர்னலின் முன்காலைப் பிடித்துக்கொண்டாள்.

மானேஜர் பாலகுமார் உருகி நின்றார். "பாத்துக் குத்துங்க சார். இவன் நாயில்ல, நான் பெத்த புள்ள. ஒரே கட்டில்லதான் படுக்கறோம்."

ரத்தம் எடுத்துப் பரிசோதனைப் பட்டையில் விட்டார்கள். எஸ்டேட்டே மூச்சடக்கியது. இரண்டு கோடு விழுந்தது.

"முழுகாம இருக்குதுங்களா?" என்று பவ்யமாகக் கேட்டார் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் சுப்பிரமணி.

"ஆண் நாய்ங்க அது!" என்றாள் கண்ணம்மாள்.

"நோய் உறுதி," என்று எழுந்து நின்று அறிவித்தார் ஆண்டனி ராஜ். "அடுத்தது குடும்பத்தார். சட்டைக் கையை மடக்குங்க சார்."

ஊசியைக் கண்டதும் மானேஜர் முகம் மலைப்பனியாக வெளுத்தது. "நானா? நான் நாயைத் தொட்டதே இல்லீங்க. தூரத்துல இருந்து வணக்கம் வெப்பேன், அவ்வளவுதான்."

"ஒரே கட்டிலுன்னீங்க?"

"அது பாசத்துல சொன்னதுங்க!"

விவகாரம் முற்றியது. நோயுள்ள நாயை அநாதையாக விட்டு முகாமை முடிக்க விதியில் இடமில்லை.

"அப்ப ஆருதான் இவனுக்கு வேண்டியவங்க?" என்று ஆண்டனி ராஜ் தலையில் கைவைத்தார்.

கர்னலுக்குக் கேள்வி புரிந்ததோ என்னவோ, மானேஜரை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிவந்து, கண்ணம்மாள் மடியில் தலையைப் போட்டது.

"நாயின் நெருங்கிய உறவினர்!" அதிகாரி பரவசமானார். "கையை நீட்டுங்கம்மா! இத்தன நேரம் எங்க போயிருந்தீங்க?"

"இங்கயேதானுங்க, காலைப் புடிச்சுக்கிட்டு."

அவளுக்கும் இரண்டு கோடு. உடனே நாற்காலி வந்தது, போர்வை வந்தது, சேலத்தில் வைத்தியம் பார்க்க ஜீப்பும் வந்தது. கர்னலுக்கு முன் சீட். உறவினருக்குப் பின் சீட்.

"நம்ம முகாம் ஒரு மனுச உசுரையே காப்பாத்திருச்சு!" என்று மானேஜர் கைதட்டினார், தூரத்திலிருந்து.

கண்ணம்மாள் முன்னால் எக்கிக் கர்னலின் காதைத் தடவினாள்.

"உனக்குச் சீக்கு வந்தது எம்பட புண்ணியம், சாமி. மனுசியாக் கேட்டப்ப ஒருத்தருக்கும் காது கேக்குல. நீ மடியில படுத்த பொறகுதான் நானும் ஒரு உசுருன்னு இவிங்களுக்குத் தெரிஞ்சுது."