டேங்க் மேல் போர்த்திய போர்வை

வண்டியைத் தொடுவதற்கு முன்னால் வண்டிக்காரனை முழுசாகச் சோதனை போடுகிற மெக்கானிக் இந்தப் பூமியிலேயே ஒருத்தர்தான் உண்டு. அவர் எங்கள் சங்கரன்கோவிலில் இருக்கிறார். போர்வை அண்ணாச்சி என்றால் தறிக்காரர் முதல் கோவில் குருக்கள் வரை எல்லாருக்கும் தெரியும். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

ஸ்பேனரை எடுக்குமுன் பெட்ரோல் டேங்க் மேல் கனத்த போர்வையை விரித்து, காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் போர்த்துவது போல நாலு பக்கமும் செருகிவிடுவார். பிறகு நம் பக்கம் திரும்புவார். மோதிரம், வாட்ச், பெல்ட், இடுப்புச் சாவி எல்லாவற்றையும் கழற்றி அவருடைய பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். ஒரு தடவை கணக்கு வாத்தியார் ஒருவர் சட்டைப்பைப் பேனாவைத் தர மறுத்தார்.

"பேனா என்னய்யா செய்யும்?"

"நீங்க குனிவீங்க. அது விழும். டேங்க்ல கீறும். இதுல எந்தக் கணக்கு சார் புரியல?"

வாத்தியார் பேனாவைக் கொடுத்துவிட்டார்.

அண்ணாச்சியிடம் நானும் ஒருநாள் போய் நிற்க வேண்டியதாயிற்று. என் மருமகன் கடையநல்லூர்க்காரர். சொந்தச் சம்பாத்தியத்தில் புதுப் பைக் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கறுப்பு நிறம், டேங்க்கில் முகம் பார்த்துத் திருநீறு பூசலாம். எங்கள் ஊரில் சென்னை பஸ் ஏறியவர், வண்டியை எங்கள் வீட்டில் விட்டு, "சும்மா நிக்கட்டும் மாமா" என்று சொல்லிப் போனார். ஓட்டாதீர்கள் என்று அர்த்தம். எனக்கும் புரிந்தது. ராயகிரியில் அம்மன் கோவில் கொடைத் திருவிழா என்று கேட்டதும் புரிந்ததெல்லாம் மறந்துவிட்டது.

சாமி கும்பிட்டுத் திரும்புகையில், பாதி ரோட்டை அடைத்து மக்காச்சோளம் காயப்போட்டிருந்தார்கள். டயர் வழுக்கியது. நானும் வண்டியும் மெத்தையில் விழுகிற மாதிரி சோளத்தில் விழுந்தோம். ஒரு கீறல் இல்லை. ஆனால் சோளத்தைச் சுற்றி வைத்திருந்த கல்லில் ஹேண்டில்பார் இடித்து வளைந்துவிட்டது. மறுநாள் காலை மருமகன் வருகிறார். கல்யாணமாகி முதல் வருஷம். மாமனார் என்கிற மரியாதை அந்த ஹேண்டில்பாரோடு சேர்ந்து கோணிக் கிடந்தது.

"யாரு வண்டிவே?" என்றார் அண்ணாச்சி.

"மருமகன் வண்டி."

"சொல்லிட்டு எடுத்தீரா?"

நான் கோபுரம் இருக்கிற திசையைப் பார்த்தேன்.

"சரி, பெல்ட்டைக் கழத்தும்."

"தட்டி நிமித்திரலாமா அண்ணாச்சி?"

"நிமித்துனா ஒருநாள் ஓட்டத்துல ஒடியும். மக தாலி கெட்டியா இருக்கணும்னா புதுசு வாங்கிட்டு வாரும்."

ஓடிப்போய் வாங்கி வந்தேன். பழசையும் புதுசையும் பக்கத்தில் வைத்து, ஜாதகம் மாதிரிப் பொருத்தம் பார்த்தார். பிறகு பிரேக் ஆயில் குப்பியைக் கழற்றி என் கையில் தந்தார்.

"அபிஷேகத்துக்குப் பால்செம்பு பிடிப்பீருல்லா, அப்படிப் பிடியும். சாஞ்சு ஒரு சொட்டு சிந்துனாலும் பெயின்ட்டை உரிச்சிரும்."

அவர் வேலை முடிக்கிறவரை மூச்சடக்கி நின்றேன்.

"அண்ணாச்சி, மூக்கு அரிக்குது."

"அரிக்கட்டும்."

புதுசை மாட்டி, இந்தப் பக்கம் முழுக்க, அந்தப் பக்கம் முழுக்கத் திருப்பினார். கேபிள் இழுக்கிறதா, டேங்க்கில் இடிக்கிறதா என்று இடையில் விரலை விட்டுப் பார்த்தார். பிரேக்கைப் பலதடவை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் போர்வையை எடுத்தார். டேங்க் பளபளவென்று இருந்தது.

அங்கேதான் நான் புத்தி கெட்டேன். புதுச் சாமான் மாட்டின வண்டியைச் சாமிக்கு ஒன்றும் செய்யாமல் எடுக்கலாமா?

"ஒரு விடலைத் தேங்காய் போட்டுட்டு எடுத்துக்கிடுதேன் அண்ணாச்சி."

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்ப் போடும்."

"வண்டிக்கு முன்னாலதான் போடணும்."

அவரே பத்தடி அளந்து கல்லைக் காட்டினார். "கோமதியம்மா!" என்று முழுப் பக்தியோடு வீசினேன். தேங்காய் தெறித்தது. சிரட்டைத் துண்டு ஒன்று நேராக டேங்க்கை நோக்கி வந்தது. அண்ணாச்சி டேங்க் மேல் அப்படியே குப்புற விழுந்தார்.

"ஐயோ, நெத்தியில ரத்தம் வருது அண்ணாச்சி!"

"அது கிடக்கட்டும். டேங்க்கைப் பாரும்!"

பதறிப்போய், எந்தக் காயத்துக்கும் மருந்தென்று மடியில் வைத்திருந்த கோவில் புற்றுமண்ணை எடுத்துக்கொண்டு அவர் நெற்றிக்குப் போனேன்.

"மண்ணுக் கையோட வண்டிகிட்ட வராதீரும்வே!" என்று அலறினார்.

மறுநாள் மருமகன் வந்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். ஏறி உட்கார்ந்து ஹேண்டிலைத் திருப்பினார். "நல்லா தொடச்சு வச்சிருக்கீங்க மாமா" என்றார்.

அவ்வளவுதான். நான் தப்பித்துவிட்டேன். வாயைத் திறக்காதீர்கள் என்று என் வீட்டுக்காரி கண்ணாலேயே சொன்னாள். என்னால்தான் முடியவில்லை. ஒரு மனுஷன் ரத்தம் சிந்திப் பார்த்த வேலை, நான் மரியாதையைக் காப்பாற்றிக்கொள்வதற்காக யாருக்கும் தெரியாமலே போவதா?

"மாப்ள, அது புது ஹேண்டில்பார்!" என்று கத்திவிட்டேன். சோளம், கல், தேங்காய் எல்லாவற்றையும் சொன்னேன்.

மருமகன் இறங்கிக் குனிந்து, பூதக்கண்ணாடி இல்லாத குறையாகத் தேடினார். ஒரு திருகில்கூட ஸ்பேனர் பட்ட தடம் இல்லை. கோபப்பட வந்த முகம் சிரித்துவிட்டது.

"யாரு மாமா பாத்தது? என்னைக் கூட்டிட்டுப் போங்க."

பட்டறையில் அண்ணாச்சி நெற்றியில் பிளாஸ்திரியோடு உட்கார்ந்திருந்தார். மருமகன் இரண்டு கையையும் கூப்பினார். பாராட்டு வாங்கிப் பழக்கமில்லாத அந்த மனிதர், வேறொரு வண்டியின் செயினுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

திரும்பி வருகையில் மருமகன் கேட்டார்: "அவுக நமக்கு என்ன முறை மாமா?"

என்னோடு பிறந்தது மூன்று தங்கச்சிமார்தான்.

"எனக்கு அண்ணன், மாப்ள" என்றேன்.