துரை சொக்காய்க்கு வந்த பெருச்சாளி

அன்று காலை ஒரு முடிவெடுத்தேன். இந்த வீட்டில் ஒன்று கம்பளி இருக்க வேண்டும், அல்லது நான் இருக்க வேண்டும். முடிவை உரக்கச் சொல்லவில்லை. குப்பம்மா பக்கத்தில் இருந்தாள்.

குப்பம்மா என் மனைவி. நான் சடையன். எங்கள் தோணிரேவுக் குப்பத்தில் என்னைப் போல வலை பின்னுகிறவன் இல்லை என்று நாலு பேர் சொல்வார்கள். அந்த நாலு பேரில் நானும் ஒருவன்.

எங்கள் ஏரியில் நினைத்த நேரத்தில் வலை போட முடியாது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். பாடு வருகிற நாளில் மீன் பிடிக்கலாம். வராத நாளில் ஆண்பிள்ளை என்ன செய்வான்? வலையைச் சரிபார்ப்பான், படுப்பான், சேவல் சண்டைக்குப் போவான். எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். என் வீட்டில் மட்டும் பாடு இல்லாத நாளெல்லாம் பெரும்பாடு.

எல்லாம் அந்த ஒல்லாந்துத் துரைசானியால் வந்தது. குப்பம்மா பாடு உள்ளவர்களிடம் மீன் வாங்கிப் பழவேற்காட்டுக் கோட்டைக்குக் கூடையில் கொண்டுபோவாள். அங்கே ஒரு துரைசானி வேர்வை ஒழுக ஒழுக உட்கார்ந்து, இரண்டு குச்சிகளால் கம்பளிச் சொக்காய் பின்னுவாளாம். எங்கள் ஊர் வெயிலில் கம்பளி! தோணியிலிருந்து இறங்கும்போது மீனாக இருப்பது வீடு வருவதற்குள் கருவாடாகிவிடும் ஊரில் கம்பளி!

குப்பம்மா பார்த்தாள், பழகினாள். முதலில் என் வலைநூலை எடுத்துப் பின்னிப் பார்த்தாள். அப்புறம் துரைசானி கொடுத்த துண்டுக் கம்பளி நூலில் கை பழகுகிறேன் என்று நிறுத்தவேயில்லை. கஞ்சி அடிப்பிடிக்கும், அவள் கை நிற்காது. சின்னவன் அழுதால், "மாமா, தூக்கு." பெரியவள் விழுந்தால், "மாமா, இன்னானு பாரு." அந்த வீட்டில் பின்னல் இல்லாமல் கிடந்தது பெரியவள் முனியம்மாவின் தலை ஒன்றுதான்.

நடுநடுவே ஒரு கயிற்றை எடுத்துப் பிள்ளைகளின் மார்பையும் கையையும் அளந்து முடிச்சுப் போட்டுக்கொள்வாள்.

"இன்னாடி இது?"

"பிள்ளைங்க வளருதா இளைக்குதானு பாக்குறேன். வாடைக் காத்து வந்தா சின்னதம்பிக்கு இருமலு வந்துடுது. போன வருசம் விடிய விடிய தோள்ல போட்டுக்கினு நின்னேன். உனுக்கு எங்க தெரியும்? நீ வுட்ட குறட்டையில இருமலே கேக்கல."

நான் வலையை உதறிக்கொண்டு வெளியே போனேன்.

இப்போது அன்றைய காலைக்கு வருவோம். மதியம் ஏரிக்கு அக்கரையில், பசியாவரத்தில் சேவல் சண்டை. என் சேவலுக்குக் கேழ்வரகும் கருவாட்டுத் தூளும் ஊட்டி, எனக்கே கிடைக்காததையெல்லாம் அதற்குக் கொடுத்து வளர்த்திருந்தேன். மச்சான் வரதன் தோணி கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தான். மெதுவாகப் பேச்சைத் தொடங்கினேன்.

"குப்பு, இன்னிக்கு எனுக்கு ஒரு வேலை கீது."

"எனுக்கு நூறு வேலை கீது."

"பசியாவரம் போவணும்."

"போயேன். பிள்ளைங்களயும் தூக்கிக்கினு போ."

"சேவல் சண்டைக்கா?"

"சேவல மட்டும் இடுப்புல தூக்கிக்கினு போறல்ல? அத்த இன்னா நீ பத்து மாசம் சுமந்து பெத்தியா?"

சேவலே கூவுவதை நிறுத்திவிட்டது. குப்பம்மா மீன் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, வாசற்படியில் நின்று திரும்பினாள்.

"மாமா, மூலையில கூடைல தொரை சொக்கா கீது. கைய வெச்சுடாத."

எட்டிப் பார்த்தேன். நீலக் கம்பளி. இரண்டு சடையன்கள் உள்ளே போகலாம். இத்தனை நாளும் இவள் பின்னிக்கொண்டிருந்தது இதுதானா! ஊரான் துரைக்குச் சொக்காய், கட்டின புருசனுக்கு அடிப்பிடித்த கஞ்சி!

"நான் ஏன் கைய வைக்கப் போறேன்?" என்றேன்.

"வைக்கமாட்ட. இருந்தாலும் சொல்றேன். கீழ ஓரத்துல ஒரு நூலு நீட்டிக்கினு கீது பாரு. அத்த மட்டும் இழுத்துடாத. இழுத்தா கழுத்து வரிக்கும் சரசரனு அவுந்துடும்."

"அப்டியா?" என்றேன், அக்கறை இல்லாதவன் போல.

"ஆமா. கை ரெண்டும் தனி. தோள்பட்டையில தையலு கீது. அத்தப் பிரிச்சுட்டா கையும் சீக்கிரம் அவுந்துடும். அதனால தோள்பட்டைப் பக்கமே போவாத."

போய்விட்டாள்.

வலைக்காரனிடம் சொல்லக்கூடிய பேச்சா இது? எங்கள் வலையில் ஒவ்வொரு கண்ணும் ஒரு முடிச்சு. நூல் அறுந்தால் ஒரு கண் போகும், வலை நிற்கும். இதில் முடிச்சே கிடையாதாம். ஒரு நூலை இழுத்தால் மொத்தமும் போய்விடுமாம். இதைப் போட்டுக்கொண்டுதான் ஒல்லாந்துக்காரன் இத்தனை கடல் தாண்டி வந்தானா!

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. நூலை இழுப்பேன். சொக்காய் போகும். குப்பம்மா மனசு விட்டுப்போய்க் குச்சிகளை அடுப்பில் வைப்பாள். பிள்ளைகள் அவள் இடுப்புக்குப் போவார்கள், நான் பசியாவரம் போவேன். பழியைப் பெருச்சாளி மேல் போடலாம். எங்கள் வீட்டுப் பெருச்சாளி ஏற்கெனவே இரண்டு வலைகளைக் கடித்துக் கெட்ட பேர் வாங்கியதுதான்.

இழுத்தேன். அடடா, என்ன சுகம்! சரசரவென்று வரிசை வரிசையாக வந்தது.

"நைனா, இன்னும் இழு!" என்று முனியம்மா குதித்தாள். சின்னதம்பி நூல் குவியலில் விழுந்து புரண்டான்.

அங்கேதான் வினை வந்தது. நூல் சிக்கலாகக் கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது. என் அப்பனுக்கும் இறங்காது. பரம்பரை வியாதி. கொஞ்சம்தான், ஒழுங்காக எடுத்து வைப்போமே என்று வலை பின்ன நூல் சுற்றிவைக்கிற அகலமான மூங்கில் ஊசி ஒன்றை எடுத்து அதில் சுற்றினேன். அது நிறைந்தது. இன்னொன்றை எடுத்தேன். அதுவும் நிறைந்தது. தோள்பட்டைத் தையலைப் பிரித்து ஒரு கையை முடித்து நிமிர்ந்தால், கரையிலிருந்து வரதன் கத்துகிறான்.

"மச்சான்! வா, போலாம்!"

"சித்த இருடா! ஒரு கை பாக்கி கீது!"

"யாரு கை?"

"தொரை கை!"

தோணியில் துடுப்பு விழுகிற சத்தம் கேட்டது.

"தொரைய இன்னா பண்ணித் தொலைச்ச மச்சான்?"

"சொக்காயோட கைடா! சுத்தி முடிச்சுட்டு வந்துடுறேன்!"

"நீ சுத்துறதுக்குள்ள காத்து திரும்பிடும். வரியா, இல்லியா?"

எழுந்திருக்கப் பார்த்தேன். பாதி சுற்றின நூலை அப்படியே போட்டுவிட்டு எழுந்திருக்க என் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. வரதன் வந்து சேவலை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். சேவல் போய்விட்டது. நான் போகவில்லை.

கடைசி நூலையும் சுற்றி, ஊசிகளை வலைக் குவியலுக்குள் ஒளித்து வைக்கவும் குப்பம்மா வரவும் சரியாக இருந்தது. நேரே மூலைக்குத்தான் போனாள்.

"மாமா, தொரை சொக்கா எங்க?"

"பெருச்சாளி வந்துச்சு."

"பட்டப்பகல்லியா?"

"கண்ணு தெரியாத பெருச்சாளி. பகலு ராத்திரி அதுக்கு இன்னா தெரியும்?"

"கம்பளியத் துன்னுட்டுச்சா?"

"மொத்தத்தயும் துன்னுட்டுச்சு. தொரத்துனேன். ஓடிடுச்சு."

அந்த நேரம் பார்த்துச் சின்னதம்பி தத்தித் தத்தி நடந்து அவளிடம் போனான். அவன் அரைஞாணில் ஒரு நீல நூல் மாட்டியிருந்தது. அது தரையோடு நீண்டு என் வலைக் குவியலுக்குள் போனது. குப்பம்மா அந்த நூலைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். வலையைத் தூக்கினாள். நீலம் சுற்றிய ஊசிகள் வரிசையாகப் படுத்திருந்தன.

ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"நல்ல பெருச்சாளி மாமா. துன்ன நூல ஊசியில சுத்தி, முனையில சுருக்கும் போட்டு வெச்சுட்டுப் போயிருக்குது. இந்தச் சுருக்கு போடுற பெருச்சாளி தோணிரேவுலயே ஒண்ணுதான் கீது."

இனி அழப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இன்னாடி சிரிக்கிற? நீ பின்னுன சொக்கா போச்சேனு வருத்தமே இல்லியா?"

"நான் எங்க பின்னுனேன்? அது தொரையோட பழைய சொக்கா. தொரைசானி குடுத்தா. இத்த அவுத்து உம் பிள்ளைங்களுக்குப் பின்னிக்கோனு சொன்னா. பின்றது எனுக்கு வரும். இம்மாம் பெருச அவுத்து, சிக்கில்லாம சுத்துறதுதான் மலைப்பா இருந்துச்சு. இந்த ரெண்டையும் வெச்சுக்கினு நான் எப்ப சுத்துறது? வாடை வரத்துக்குள்ள சின்னவனுக்கு ஒண்ணாவது ஆவணுமேனு பயந்துக்கினு கெடந்தேன்."

"என்னக் கேட்டிருக்கலாமே!"

"கேட்டா செஞ்சிருப்பியா?"

யோசித்துப் பார்த்தேன். செய்திருக்கமாட்டேன். ஆண்பிள்ளை கம்பளி சுற்றுவதா என்று மீசையை முறுக்கியிருப்பேன். அதனால்தான் அவள் கேட்கவில்லை. செய்யாதே என்றாள். எப்படிச் செய்யக்கூடாது என்று தோள்பட்டை வரைக்கும் விளக்கிச் சொன்னாள்.

சாயங்காலம் வரதன் சேவலோடு திரும்பினான். சேவல் ஜெயித்துவிட்டதாம். "நீ இல்லாததால பயப்படாம சண்டை போட்டுச்சு மச்சான்," என்றான்.

வாடைக் காற்று வந்தபோது பிள்ளைகள் இரண்டு பேருக்கும் நீலச் சொக்காய் தயாராக இருந்தது. துரைக்கு இருந்த கம்பீரம் சின்னதம்பிக்கு மூன்று மடங்கு இருந்தது. அந்த வருசம் அவன் இருமவில்லை. என் தோளில் சுருண்டு சூடாகத் தூங்கினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. குப்பம்மா பார்த்துவிட்டாள்.

"இன்னா மாமா?"

"வாடை. கண்ணுல பட்டுடுச்சு."

"அப்ப உனுக்கும் ஒண்ணு பின்னிட வேண்டியதுதான்," என்றாள். இப்படி ஒருத்தி கிடைக்க நான் என்ன புண்ணியம் செய்தேனோ. ஆனால் இனி ஒருபோதும் அவளிடம் ஏமாறுவதில்லை என்று அப்போதே முடிவெடுத்தேன்.

அடுத்த சேவல் சண்டையும் வந்தது. குப்பம்மா மீன் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வாசற்படியில் நின்று திரும்பினாள்.

"மாமா, கூடைல இன்னொரு தொரை சொக்கா கீது. கைய வெச்சுடாத."

"வைக்கவே மாட்டேன்," என்றேன் அழுத்தமாக.

அவள் போனபின் எட்டிப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு நூல் நீண்டு, லேசாகச் சிக்கியிருந்தது. சிக்கலை மட்டும் எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

வரதன் கரையிலிருந்து கூப்பிட்டபோது, சேவலை மட்டும் அனுப்பி வைத்தேன்.