ஊசிக்கு முன்பே குணமானவர்

மூளைக்குப் புத்துயிர் கொடுப்பது என்று அரசாங்கம் முடிவு செய்தது. யாருடைய மூளைக்கு என்று ஆவலோடு கேட்கக் கூடாது. பக்கவாதம் வந்த பொதுமக்களின் மூளைக்கு மட்டும்தான்.

இதற்காகப் பெரிய மருத்துவமனையின் பின்புறம் 'மூளை மறுவளர்ச்சி உயராய்வு மையம்' எழும்பியது. பேச்சுப் பயிற்சிப் பிரிவை மூடி, அதற்கு ஒதுக்கியிருந்த நிதியில்தான் கட்டினார்கள். ஸ்டெம் செல் ஊசியால் எல்லோருக்கும் பேச்சு வந்துவிடப் போகிறது, பிறகு பயிற்சி எதற்கு என்பது இயக்குநரின் வாதம். அதை எதிர்த்துப் பேசும் நிலையில் நோயாளிகள் யாரும் இல்லை.

முதல் நோயாளியாகத் தேர்வானவர் பிரேக் மாஸ்டர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கையிலிருந்து அவர் "பிரேக்!" என்று போடும் சத்தத்தில் எதிரே வருகிற வண்டிகளும் நின்றுவிடும். ஒருநாள் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது வலது கை துவண்டது, வாய் கோணியது, பேச்சு போனது. கை மெல்ல மெல்லத் திரும்பிவிட்டது. பேச்சு திரும்பவில்லை. மனைவி சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். பதில் தொண்டை வரைக்கும் வந்து அங்கேயே நின்றுகொள்ளும். தட்டில் கரண்டியால் தட்டித்தான் அவளைக் கூப்பிடுவார்.

"செத்துப்போன இடத்துல புதுசா முளைக்குமாங்க?" என்று இயக்குநரிடம் மனைவி கேட்டாள்.

"எலிக்கு முளைச்சிருக்கும்மா. இப்ப நல்லா ஓடுது."

"இவரு ஓட வேண்டாங்க. பேசினா போதும்."

"அதைத்தானேம்மா ஆராயப்போறோம்!"

ஒரே ஒரு நடைமுறைச் சிக்கல். செல்களைக் கடுங்குளிரில் வைக்க வேண்டும். அதற்கான உறைபெட்டி வந்து இறங்கிவிட்டது. ஆனால் அதன் பொத்தானை மாண்புமிகு அமைச்சர்தான் தம் திருக்கரத்தால் அழுத்த வேண்டும். அமைச்சரோ என்றைக்கும் 'நாளை வருகிறார்' என்ற நிலையிலேயே இருந்தார்.

இன்னொரு விதியும் இருந்தது. ஊசிக்கு முன் நோயாளியின் பேச்சு எவ்வளவு மோசம் என்று அளந்தாக வேண்டும். பழைய அளவு செல்லாது. ஊசி தள்ளிப்போகப் போக, தினமும் அளக்க வேண்டியதாயிற்று. இந்த அரும்பணிக்காகத் தற்காலிகமாக ஒரு பெண்ணை நியமித்தார்கள்.

அவள் படத்தைக் காட்டுவாள். "இது என்ன சார்?"

"ம்ம்... ம்ம்..."

"நாற்காலி. எங்க, சொல்லுங்க. நா..."

"நா..."

இயக்குநர் ஒருநாள் எட்டிப்பார்த்து முகம் சுளித்தார். "உன்னை அளக்கத்தான் சொன்னேன். கத்துக்கொடுக்கச் சொல்லலையே!"

"அளந்து முடிச்சாலும் மதியம் வரைக்கும் இங்கதான சார் உட்காரணும்? சும்மா எப்படி உட்கார்றது?"

மழைக்காலம் போய் வெயில்காலம் வந்தது. ஒருநாள் அவள் மேல்தட்டிலிருந்த படங்களை எடுப்பதற்காகச் சக்கர நாற்காலி மேல் ஏறினாள். நாற்காலி நகர்ந்தது.

"பிரேக்!" என்றார் மாஸ்டர்.

அவள் அலமாரியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். வெளியே காத்திருந்த மனைவி ஓடிவந்தாள். "யாரு கத்தினது?"

"நா... நான்தான்."

மனைவி தரையில் உட்கார்ந்து அழுதாள். மாஸ்டர், இத்தனை நாள் சொல்ல முடியாமல் கிடந்ததை முதல் வேலையாகச் சொன்னார்: "காபியில... சர்க்கரை... அதிகம்."

அதன்பின் வார்த்தைகள் தட்டுத்தடுமாறி வரத் தொடங்கின. இயக்குநர்தான் ஆடிப்போனார்.

"ஊசி போடாம நீங்க எப்படிப் பேசலாம்? விதிப்படி நீங்க இன்னும் பேசக் கூடாதே!"

"தெரியலீங்க. வந்துடுச்சு."

"அமைச்சர் வர்ற வரைக்குமாவது கொஞ்சம் நிறுத்தி வைக்க முடியுமா?"

அந்த வாரமே அமைச்சர் நிஜமாகவே வந்துவிட்டார். பொத்தானை அழுத்தினார். பெட்டி உறுமியது. இயக்குநர் பிரேக் மாஸ்டரை மேடைக்கு இழுத்துவந்து, "பேச்சிழந்து நம் மையத்துக்குள் வந்தவர், இன்று பேசுகிறார்!" என்று அறிவித்தார். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

மாஸ்டர் மைக்கைப் பிடித்தார். "எனக்கு... யாரும்... ஊசி போடல!"

அரங்கம் கைதட்டியது.

"பெட்டியே... இப்பதான் ஓடுது!"

கைதட்டல் கூரையைத் தொட்டது.

"அந்தப் பொண்ணு தினமும் பேச வச்சதாலதான்..."

"எவ்வளவு தெளிவா மறுக்கறார் பாருங்க!" என்று அமைச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுவாரம் ஆணை வந்தது. அளவீட்டுப் பணி வெற்றிகரமாக நிறைவுற்றதால், அந்தப் பெண் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டாள். அவளுடைய அறையை இரண்டாவது உறைபெட்டிக்கு ஒதுக்கினார்கள். முதல் பெட்டிக்குள் வைக்க வேண்டிய செல்களுக்கு இன்னும் ஒப்புதல் வரவில்லை.

மாஸ்டர் இயக்குநரிடம் போய் நின்றார். "அந்த அறையைத் திறங்க. எனக்கு அப்புறம் அந்தப் பொண்ணுகிட்ட வந்த துணிக்கடைக்காரருக்குப் பேச்சு பாதியில நிக்குது."

"அவருக்குத்தான் ஊசி வரப்போகுதே!"

"வந்தாலும் பலிக்குமான்னு உங்களுக்கே தெரியாதே?"

"அதனாலதான் சார் இதுக்கு ஆராய்ச்சின்னு பேரு."

மாஸ்டர் வெளியே வந்தார். மையத்தின் வாசலில் தொடங்கிய ஊசி வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. அவர் படியில் ஏறிக் கத்தினார். "உள்ள... ஒண்ணுமே இல்ல! வீட்டுக்குப் போங்க. தினமும் பக்கத்துல உட்கார்ந்து... பேச வைங்க!"

"இவரு மட்டும் ஊசி போட்டுக்கிட்டு வாய் கிழியப் பேசுவாராம், நமக்கு வேண்டாமாம்!" என்றது ஒரு குரல்.

"தினமும் உட்கார்ந்து பேச யாருக்குங்க நேரம் இருக்கு?" என்றது இன்னொன்று. "ஊசின்னா ஒரே நாளோட முடிஞ்சிடும்."

மாஸ்டர் உதவிக்கு மனைவியைப் பார்த்தார். அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "ஏங்க, எதுக்கும் இருக்கட்டுமே. நீங்களும் ஒண்ணு போட்டுக்கிட்டா என்ன?"

வரிசையின் நடுவில் துணிக்கடைக்காரர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய உதடு கோணிக் கோணி, அவள் பெயரின் முதல் பாதி வெளியே வந்தது. நெற்றி வியர்க்க மீதியைத் தேடினார். கிடைத்துவிடும் போலிருந்தது.

"கொஞ்ச நேரம் சும்மா இருங்கப்பா," என்றாள் மகள். "டோக்கன் கூப்பிடறது காதுல விழல."