அவனுக்கு மட்டும் திறக்கும் பூட்டு

காதலைச் சொல்லி ஒரு நாள் ஆகிவிட்டது. கூடப் படிக்கும் கண்ணாடிக்காரனிடமிருந்து ஒரு வார்த்தை பதில் இல்லை. மேகம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'மேகம்' வகுப்பு அவளுக்கு வைத்த பெயர். பாடம் நடக்கும்போது அவள் எங்கேயோ மிதந்துகொண்டிருப்பாள்.

"எப்படிடி சொன்னே?" என்றாள் வரலாறு படிக்கும் அறைத்தோழி.

"எங்க கணக்கு வகுப்பு வாட்ஸ்அப் க்ரூப்ல."

"அடிப்பாவி! எல்லாருக்கும் முன்னாடியா?"

"பூட்டித்தான் போட்டேன். ஒரு வளைகோடு, அதுல ஒரு புள்ளி. ஆளுக்கொரு ரகசிய எண் வச்சுக்கிட்டு, அந்தப் புள்ளியிலேருந்து கோட்டு மேல அத்தனை தடவை தாவணும். போய் நிக்கிற புள்ளியைப் பலகைல எழுதணும், அதான் வீட்டுப்பாடம். புள்ளியைப் பாத்து எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது. அவன் புள்ளியால பூட்டினா அவன் எண்தான் திறக்கும். ஈ காக்காய்க்குத் தெரியாது."

பலகை நிறையப் புள்ளிகள் இருந்தன. அவள் கண் அவன் எழுதியதைத் தாண்டினால்தானே!

"சுருக்கமா எழுதியிருப்பே. அவனுக்குப் புரிஞ்சிருக்காது."

மேகம் நீளமாக எழுதிப் பூட்டினாள். அவன் கண்ணாடியைத் தள்ளிவிடும் அழகு, அடுக்குத் தும்மல், எதையும் விடவில்லை. அப்போதும் பதில் இல்லை. ஆனால் மறுநாள் எதிரில் வந்தவர்களெல்லாம் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவன் தும்மிக்கூடக் காட்டினான். காதல் வந்தால் உலகமே அன்பாகிவிடுகிறது என்று நினைத்துக்கொண்டாள், பைத்தியம்.

"கூச்சப்படுறான்டி. நீயே கூப்பிடு," என்றாள் தோழி.

மூன்றாவதாகத் தன் கனவையே எழுதினாள். வளைகோட்டின் மேல் இருவரும் கைகோத்து நடக்கிறார்கள், கீழே நட்சத்திரங்கள். 'நாளை மதியம் கேன்டீனில் ஜன்னல் ஓரம் இருப்பேன். நீ வராவிட்டால் என்னைப் பிடிக்கவில்லை என்று புரிந்துகொள்வேன். இனி தொந்தரவு செய்யமாட்டேன்' என்று முடித்துப் பூட்டினாள்.

மறுநாள் கேன்டீனில் உட்கார இடமில்லை. வகுப்பே வந்திருந்தது. அவன் மட்டும் வரவில்லை.

டீ ஆறிப்போனது. மேகத்தின் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது.

"என்னைப் பிடிக்கலபோல," என்று முனகினாள்.

கடைசி பெஞ்சுக்காரன் சங்கடத்தோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அழாதே. வீட்டுப்பாடத்துல நாங்க எல்லாரும் அவன் எண்ணைத்தான் காப்பி அடிச்சோம். அது தெரிஞ்ச கோவத்துல அவன் அன்னைக்கே தன் எண்ணைத் தூக்கிப் போட்டுட்டு வேற வச்சுக்கிட்டான். நீ பூட்டினது அவனோட பழைய புள்ளியால. நம்ம வகுப்புல நீ எழுதினதைப் படிக்காதவன் அவன் ஒருத்தன்தான்!"