மேனேஜருக்குத் துட்டி

சட்டைப் பைக்கு மேலே குத்தியிருந்த கறுப்புத் துணியைக் கழற்றிவிட்டு மாமனார் வீட்டுக்குப் போவதா, குத்தியபடியே போவதா என்று முடிவு செய்யத் தெரியாமல், பொன்னுச்சாமி சங்கரன்கோவில் ரயில் நிலையத்துக்கு வெளியே இரண்டாவது டீயைக் குடித்துக்கொண்டிருந்தான்.

கழற்றினால் சங்கத்துக்குத் துரோகம். 'பாஸ் கைக்கு வரும்வரை கறுப்பு பேட்ஜ் நெஞ்சைவிட்டு இறங்காது. லீவில் போனாலும் சரி, தூங்கினாலும் சரி' என்று மீனம்பாக்கம் விமான நிலைய வாசலில் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தார்கள். அதில் அந்தத் தூங்குகிற பகுதியை எழுந்து நின்று சேர்க்கச் சொன்னவனே பொன்னுச்சாமிதான். நாலு பேர் கைதட்டுவார்கள் என்றால் அவன் எதையும் சேர்க்கச் சொல்வான். போதாததற்கு, கூட வேலை பார்க்கும் மம்மதுவும் இதே ஊர்க்காரன். கோவில் திருவிழாவான ஆடித் தபசுக்கு அவனும் வருவதாகச் சொல்லியிருந்தான். பேட்ஜ் இல்லாமல் அவன் கண்ணில் பட்டால் மானம் போய்விடும்.

குத்தியபடி போனால் மாமனார் காசிராஜனிடம் காரணம் சொல்லவேண்டும். அதுதான் சங்கடம்.

பொன்னுச்சாமி ஒரு விமானக் கம்பெனியில் பெட்டி ஏற்றி இறக்கும் லோடர். ஒன்றரை வருடத்துக்கு முன்னால், பெரிய போராட்டத்துக்குப் பிறகு, கம்பெனி சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டது. மழைக்கோட்டு தருவோம், ராத்திரி ஷிப்டுக்கு வண்டி விடுவோம், வருஷத்துக்கு ஒருமுறை தொழிலாளியின் தாய் தகப்பனை, அவர்கள் இல்லாவிட்டால் மாமனார் மாமியாரை, விமானத்தில் இலவசமாக ஏற்றுவோம் என்று எல்லாம் ஒப்புக்கொண்டது. மழைக்கோட்டு சித்திரை மாத வெயிலில் வந்தது. வண்டி வரவேயில்லை. பாஸ் மேலிடத்தின் பரிசீலனைக்குப் போய் அங்கேயே குடித்தனம் வைத்துவிட்டது. கேட்கப் போனால் மேனேஜர் சிரித்த முகமாக, "அடுத்த மாசம்" என்பார். ஒன்றரை வருஷமாக ஒரே சிரிப்பு, ஒரே அடுத்த மாசம். தொழிலாளிகளுக்கு வயிறு எரிந்தது.

மற்றவர்களுக்கு எரிந்ததைவிடப் பொன்னுச்சாமிக்கு அதிகமாக எரியக் காரணம் உண்டு. தாய் தகப்பன் இல்லாத அவன், ஒப்பந்தம் கையெழுத்தான அன்றே மாமனாருக்குச் சேதி சொல்லிவிட்டான். மேலநீலிதநல்லூர்ப் பக்கம் நிலமும் ஆட்டுக்கிடையும் உள்ள காசிராஜன், பேரனுக்குப் பேர் விட்ட அன்று பந்தியில் எல்லார் காதிலும் விழச் சொன்னார்: "நான் ஏரோப்ளேன்ல மெட்ராஸ்ல போயி இறங்கி, மாப்பிள்ளை இருக்க வீட்டக் கண்ணால பாத்துட்டு வந்த பெறவுதான் மகளையும் பேரனையும் அனுப்புவேன்!"

அன்றிலிருந்து மனைவி தங்கத்தாயும் பிள்ளையும் சங்கரன்கோவிலில், பொன்னுச்சாமி மெட்ராஸில் மெஸ் சாப்பாட்டில். பிள்ளை தவழ்ந்து, எழுந்து, நடக்கவும் ஆரம்பித்துவிட்டான். மேனேஜர் சொன்ன 'அடுத்த மாச'த்தை மாதம் தவறாமல் மாமனாரிடம் ஒப்பிக்கும் வேலையைப் பொன்னுச்சாமி சம்பளமில்லாமல் செய்துவந்தான். சும்மா ஒப்பித்தாலும் பரவாயில்லை. "உங்க மாமனாரை நானே கையப் புடிச்சி ஏத்தி விடுவேன்னு மேனேஜர் சொன்னாரு" என்று சொந்தமாக வேறு சேர்த்துவிட்டிருந்தான்.

இந்தத் தடவை உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் வந்திருந்தான். 'கம்பெனி ஏமாத்திட்டு மாமா. போராடிக்கிட்டு இருக்கோம்.' ரயில் முழுக்கச் சொல்லிப் பார்த்தான். நன்றாகவே வந்தது.

வாசலில் காசிராஜன் நின்றிருந்தார். வாய் நிறைய, "வாங்க மாப்பிள்ள" என்றவர், சட்டையைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"யாரு தவறிட்டா?"

பொன்னுச்சாமி வாயைத் திறந்தான். ரயிலில் அத்தனை நன்றாக வந்தது, அந்த மீசைக்கு முன்னால் வரவில்லை.

"ஆபீஸ்ல... பெரியவரு ஒருத்தரு..."

"எந்தப் பெரியவரு?" காசிராஜன் பதறினார். அந்த ஆபீஸில் அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு பெரியவர்தான். "நமக்கு வாக்குக் குடுத்தாரே, அந்த மேனேஜரா?"

பொன்னுச்சாமி தலையை ஆட்டினான். ஆட்டியபோது, உள்ளதைச் சொன்னால், மனசின் ஒரு மூலையில் குளுகுளுவென்று இருந்தது. ஒன்றரை வருஷக் கோபம் அல்லவா?

அந்தக் குளுமை அடுக்களை வாசல்வரைதான் நீடித்தது. மாப்பிள்ளை வருகிறார் என்று ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. மாமியார் மாடத்தி சேதியைக் கேட்டதும் சட்டியை இறக்கிவிட்டாள்.

"சோறு போட்ட மனுசன் செத்துக் கிடக்கையில கறியா? அந்தப் பாவம் நமக்கு வேண்டாம். ஏட்டி தங்கம், ஒரு ரசம் வையி."

"அத்தே, அவரு ஒண்ணும் அவ்வளவு நெருக்கம் இல்ல..." என்று பொன்னுச்சாமி கறிக்காக வாதாடிப் பார்த்தான்.

"துக்கத்த மறைக்காதீக மாப்பிள்ள. நெஞ்சுல கறுப்புக் குத்திக்கிட்டு வந்திருக்கீக. எங்க சாதிசனத்துல கூட இப்படி ஒருத்தரும் துக்கம் காத்ததில்ல" என்றாள் மாடத்தி.

கறி பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. அதன் வாசனை மட்டும் சுவர் தாண்டித் திரும்பி வந்தது. ரசத்தை ஊற்றும்போது தங்கத்தாய் மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப இனி நானும் பிள்ளையும் இங்கனயேதானா?"

அவளிடமாவது சொல்லிவிடலாம் என்று அவன் நிமிர்வதற்குள் காசிராஜன் வந்து எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

"மாப்பிள்ள, வாக்குக் குடுத்த மனுசனுக்கு நேர்ல போயி துட்டி கேக்கலேன்னா நான் மனுசனா? நாளைக்கு மெயில்ல ஒரு ஆறு பேரு மெட்ராஸுக்குப் போறோம். அவுக வீட்டு வாசல்ல ஒரு கை தொட்டுட்டு வந்துருவோம்."

ரசம் பொன்னுச்சாமிக்குப் புரையேறியது. ஆறு பேர் தலைப்பாகையோடு போய் நின்று, மேனேஜரே கதவைத் திறந்தால்?

"அங்க யாரும் இல்ல மாமா! வீட்டப் பூட்டிட்டு எல்லாரும் காசிக்குப் போயிட்டாக. அஸ்தி கரைக்க."

காசிராஜன் யோசித்தார். அவர் யோசித்தால் வில்லங்கம்தான் என்பது பொன்னுச்சாமிக்குத் தெரியும்.

"அப்ப மெட்ராஸ்ல கேக்க ஆளில்ல. ஆனா அவரு உப்பத் தின்ன ஆளு இங்கன இருக்காருல்லா? உங்ககிட்டயே கேட்டுருவோம்."

மறுநாள் காலையில் வீட்டு வாசலில் பெஞ்சு போட்டாயிற்று. பொன்னுச்சாமியைத் தோளில் துண்டோடு நடுவில் உட்காரவைத்தார்கள். சாவு வீட்டில் துக்கம் விசாரிக்கிறவர்கள் வருகிற முறைப்படி ஒவ்வொருவராக வந்து, பேசாமல் இரண்டு கையையும் நீட்டி அவன் கையைத் தொட்டுவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மேலநீலிதநல்லூரிலிருந்து ஒரு வண்டி நிறைய ஆள் வந்தது. சிவகிரியிலிருந்து வந்த ஒரு சம்பந்தக்காரர், மேனேஜரைத் தாம் நேரில் பார்த்திருப்பதாகவே சொன்னார். கோவிலில் மோட்ச தீபத்துக்குச் சொல்லியாயிற்று என்று காசிராஜன் அறிவித்தார்.

துட்டியில் சும்மா உட்காரமுடியாது. செத்தவரைப் பற்றி நாலு வார்த்தை பேசவேண்டும். பக்கத்து நிலத்துக்காரர் மூக்காண்டிதான் ஆரம்பித்து வைத்தார்.

"எப்படிப்பட்ட மனுசன்?"

போன வாரம்வரை 'மேனேஜர் ஒழிக' என்று தொண்டை கிழியக் கத்தியவன் பொன்னுச்சாமி. அந்தத் தொண்டையை இப்போது செருமிக்கொண்டான்.

"நல்ல மனுசன் அண்ணாச்சி."

"தொழிலாளி மேல பிரியமா?"

"உசுரு! மழ பெய்யுமுன்னயே கோட்டு வாங்கிக் குடுத்துட்டாருன்னா பாத்துக்கோங்க."

அது பொய்யில்லை. மழைக்கு ஐந்து மாதம் முன்னால்தான் கொடுத்தார்.

"குடுத்த வாக்கு?"

"வாக்குன்னா வாக்குதான் அண்ணாச்சி. தல போனாலும் மாறமாட்டாரு."

"உமக்கு ஏரோப்ளேன் பாஸ் தாரேன்னு சொன்னாராமே?"

"அது விசயமாத்தான் கடைசி வரைக்கும் பேசிக்கிட்டு இருந்தாரு" என்றான். இதைச் சொல்லும்போது, தெருவில் தங்கத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளை தத்தித்தத்தி நடந்து வருவது தெரிந்தது. தன் பிள்ளை முதல் அடி வைத்ததைத் தான் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. நிஜமாகவே கண்ணீர் வந்துவிட்டது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

பெஞ்சே கலங்கிப் போயிற்று. மூக்காண்டி மூக்கைச் சிந்தினார். "அடேயப்பா, ஒரு அதிகாரிக்காக இப்படி அழுத தொழிலாளிய நான் பாத்ததில்ல" என்றார் சிவகிரிக்காரர். மாடத்தி சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சங்கத்துத் தோழர்கள் யாரும் இதைப் பார்க்கவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல் என்று பொன்னுச்சாமி துண்டுக்குள் நினைத்துக்கொண்டான்.

நினைத்து முடிப்பதற்குள் தெருமுனையில் மம்மதுவின் குரல் கேட்டது.

"ஏலே பொன்னு! கழட்டுலே பேட்ஜ! ஜெயிச்சிட்டோம்லே!"

ரயிலிலிருந்து நேராக, கையில் பெட்டியும் வாயெல்லாம் பல்லுமாக மம்மது வந்துகொண்டிருந்தான். அவன் சட்டையில் கறுப்புத் துணி இல்லை. பொன்னுச்சாமி பெஞ்சிலிருந்தபடியே கண்ணைக் காட்டினான், உதட்டைக் கடித்தான், துண்டை ஆட்டினான். மம்மது அதையெல்லாம் சந்தோஷத்தில் ஆடுவதாக எடுத்துக்கொண்டான்.

"நீ ரயில் ஏறின அன்னைக்கே கம்பெனி இறங்கி வந்துட்டுலே. ஒரு நாள் பொறுத்திருந்தியன்னா நீயே கையில வாங்கியிருக்கலாம். மொத பாஸே உங்களுக்குத்தான் அண்ணாச்சி!" என்று காசிராஜனின் கையில் ஓர் உறையைத் திணித்தான். "மதுரையில ஏறி மெட்ராஸ்ல இறங்கணும். ஒங்களுக்கும் வீட்டு ஆச்சிக்கும். நேத்து மத்தியானம் மேனேஜரே என்னையக் கூப்புட்டு, எங் கண்ணு முன்னாலயே கையெழுத்துப் போட்டுத் தந்தாரு!"

பிள்ளைகூட நடப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

"நேத்தா?" என்றார் மூக்காண்டி.

"நேத்துத்தான். கையெழுத்துப் போட்டுட்டு எனக்கு ஒரு காப்பி கூட வாங்கிக் குடுத்தாரு."

மூக்காண்டி பெஞ்சில் மம்மது நின்ற கோடியிலிருந்து மெல்ல நகர்ந்து மறுகோடிக்குப் போனார். சிவகிரிக்காரர் எழுந்து செருப்பைத் தேடினார். காசிராஜன் உறையை இரண்டு விரலால் பிடித்து, பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"மாப்பிள்ள, செத்தவரு கையெழுத்துப் போட்ட சீட்டு இது. இதக் கொண்டுபோயி ஏறுனா, அந்த ஏரோப்ளேன் மெட்ராஸுக்கா போகும்?"

இனி மறைக்க ஒன்றுமில்லை. பொன்னுச்சாமி எழுந்தான். பேட்ஜைப் பிய்த்துத் தூர எறிந்தான். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு மாமனார் முன்னால் முதல்தடவையாக உண்மை பேசினான்.

"மாமா, மேனேஜர் சாகல! கல்லுக்குண்டு மாதிரி இருக்காரு! இது துக்கத்துக்குக் குத்துன துணி இல்ல, அந்தாள எதிர்த்துக் குத்துனது. பாஸ் தாரேன்னு கையெழுத்துப் போட்டுட்டு ஒன்றரை வருசமா ஏமாத்துனான். உங்ககிட்டச் சொல்லப் பயந்துக்கிட்டு நாந்தான் அவரக் கொன்னுட்டேன். அழுததும் அவருக்காக இல்ல, எம் பிள்ளைக்காக! பயப்படாம ஏறுங்க மாமா. ஏலே மம்மது, நீயாவது சொல்லுலே!"

மம்மது பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஆமா அண்ணாச்சி, உசுரோடதான் இருக்காரு" என்றான். ஆனால் செத்தவரோடு உட்கார்ந்து காப்பி குடித்தவனுடைய சாட்சி அந்த வாசலில் எடுபடவில்லை.

காசிராஜன் மருமகனின் தோளில் கை வைத்தார். கோபமே இல்லை, பரிவுதான் இருந்தது.

"என்னைய ஏரோப்ளேன்ல ஏத்தணும்ங்கிற ஆசையில பேசுதீக. இருக்கட்டும் மாப்பிள்ள. பையப் பையப் பாத்துக்கிடுவோம். மக இங்கனதான இருக்கா?"

நடையில் நின்றிருந்த மாடத்தி பெஞ்சிலிருந்த உறையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு பொன்னுச்சாமியைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் மாப்பிள்ளையை அவள் அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை.

"செத்த பெறவும் வாக்குத் தவறாம வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்காரு அந்த மகராசன். அவரப் போயி உசுரோட இருக்காரு, ஏமாத்துனாருன்னு சொல்லுதீகளே மாப்பிள்ள, அடுக்குமா?"