பம்புக்கு ஒரு தடித்த ஒயர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அக்கா புருஷன் எழுதிக்கொள்வது. இங்கு நான், உன் அக்கா, வண்டி மூவரும் நலம். மூவரும் ஒரே சமயத்தில் நலமாக இருப்பது இதுவே முதல் தடவை என்பதால் எழுதுகிறேன்.

காலமெல்லாம் லாரி ஓட்டியவன் ஓய்வுக்குப் பிறகாவது வீட்டில் கிடப்பான் என்று நம்பினீர்கள். நான் பழைய லாரியின் முதுகில் கட்டில், அடுப்பு, ஜன்னலோடு ஓர் அறை கட்டி, வீட்டையே கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அது மலை ஏறும்போதெல்லாம் ஒரே வளைவில் மூச்சுத் திணறி நின்றது. முதல் தடவை வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, உன் அக்காவின் பாத்திர மூட்டையைத் திட்டித் தீர்த்தேன். "இன்னொரு வாட்டி நின்னா, இதே பாத்திரத்தோட தம்பி வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள். உன் வீட்டில் எவ்வளவு இடம் என்று எனக்குத் தெரியும். அடுத்த தடவையும் நின்றது. பாத்திர மூட்டையை விட்டுவிட்டு உனக்குப் போன் போட்டேன். ஒயர் சூடு ஆறட்டும் என்று நீ சொன்னதால், பாறையில் உட்கார்ந்து டீ குடித்தோம், ஏதேதோ பேசினோம். அவள் போகவில்லை. ஆனாலும் அந்த மிரட்டலை நான் மறக்கவில்லை.

நீ அனுப்பிய தடித்த ஒயரும் ரிலே சுவிட்சும் வந்தன. மீட்டர் வைத்துப் பார்த்தால் பேட்டரியில் பதின்மூன்றரை வோல்ட், பம்புக்கு வந்து சேர்வது பத்து. பேட்டரி இருப்பது பின்னால், உன் அக்கா உட்காரும் பலகைக்கு அடியில். டீசல் பம்பும் அதன் பக்கத்தில்தான். மின்சாரமோ நூல் போன்ற ஒயரில் முன்னால் சாவி வரை போய், சுற்றிக்கொண்டு திரும்பி வருகிறது. "நீங்க லாரியிலேருந்து பண்ணின போன் மாதிரி. ஊரெல்லாம் சுத்தி வீட்டுக்கு வரும்போது ஒண்ணும் மிஞ்சாது" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

இனி பழைய ஒயர் ரிலேவுக்கு உத்தரவு மட்டும் போடும், சுமப்பதெல்லாம் பேட்டரியிலிருந்து நேராக வரும் தடித்த ஒயர் என்று விளக்கினேன். "நம்ம வீட்ல எப்பவுமே அப்படித்தானே" என்றாள். இத்தனை செய்தும் வோல்ட் ஏறவில்லை. நான் ஆசையாய் அடித்த பெயின்டின் மேலேயே எர்த் ஒயரை முடுக்கியிருக்கிறேன்! பெயின்ட் மின்சாரத்தை மறித்திருக்கிறது. சுரண்டிவிட்டு மாட்டியதும் பம்பில் பதின்மூன்று. அவள் பலகைக்கு அடியில் மாட்டிய புது ஃப்யூஸைக் காட்டி, "இதைக் கழட்டினா வண்டி நின்னுடும், தொடாதே" என்று அவளை எச்சரித்தும் வைத்தேன்.

நேற்று அந்த வளைவைக் குதிரை மாதிரி தாண்டினோம். ஆகவே அக்கா அங்கே வரமாட்டாள், நீ நிம்மதியாகத் தூங்கு. அவள்தான் நேற்றிலிருந்து சரியாகப் பேசவில்லை. அதற்கு எங்கே மீட்டர் வைப்பது என்று தெரியவில்லை. ஒயர் வேலை தெரிந்த உன் கைக்கு ஒரு குறையும் வராது, குழந்தைகளோடு நன்றாயிரு.

இப்படிக்கு,
உன் அக்காவின் டிரைவர்

பி.கு.: தபாலில் சேர்ப்பதற்குள் இன்று மறுபடி மலை ஏறினோம், வண்டி அதே வளைவில் நின்றுவிட்டது. உன் ஒயரைத் திட்டிக்கொண்டே பின்னால் போனேன். அடுப்பில் டீ கொதிக்கிறது. ஃப்யூஸ் உன் அக்காவின் உள்ளங்கையில். "ஓடிக்கிட்டே இருந்தா உங்க முதுகுதான் தெரியுது" என்றாள். பாறையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். யாராவது விசாரித்தால், வண்டி இன்னும் சரியாகவில்லை என்றே சொல்லிவிடு.