நெதர்லாந்து வழி சங்கரன்கோவில்

இந்தப் பூமியில் எந்தக் கம்பெனிக்காரன் கையிலும் சிக்காத மனுஷன் ஒருத்தர் உண்டென்றால், அது எங்கள் பொட்டு அண்ணாச்சிதான். சங்கரன்கோவிலில் நான் மாடியில் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர். அவர் மனைவி, எங்கள் மதினியின் ஒட்டுப்பொட்டு அட்டையிலிருந்து உரித்து உரித்து, போன் கேமரா, லேப்டாப் கேமரா என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் வைத்துவிடுவார். எதிர்வீட்டுக்காரர் வாசலில் மாட்டிய கேமராவுக்கு ஏணி போட்டு ஏறி வைத்தார். இறங்கும்போது, இப்பத்தான் பார்க்க லட்சணமாக இருக்கிறது என்று எதிர்வீட்டுக்காரரிடமே சொன்னார்.

ஜவுளிக்கடையில் பில் போட போன் நம்பர் கேட்டால், ஒரு வேட்டிக்கு எதற்கு நம்பர் என்று முதலில் சண்டை பிடிப்பார். ரொம்ப வற்புறுத்தினால் கடை போர்டில் இருக்கிற நம்பரையே வாசித்துவிட்டு வந்துவிடுவார். தீபாவளிக்கு அந்தக் கடை தனக்குத்தானே வாழ்த்து அனுப்பிக்கொண்டிருக்கும்.

கிறுக்கு என்று தெருவில் சொல்வார்கள். ஆனால் அவர் பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"நான் காதுல மாட்டிக்கிட்டு உக்காந்தவன் தம்பி. நடுவுல ஒருத்தன் இருக்கான்னு தெரியாம சனங்க என்னெல்லாம் பேசும் தெரியுமா? கேட்டவனுக்குத்தான் அந்தப் பயம் தெரியும்" என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் முகத்தில் விளையாட்டு இருக்காது.

அந்தப் பயத்தில்தான் ஒருநாள், மாடியில் எனக்கும் இணையம் தருகிற வீட்டு ரவுட்டரிலேயே விபிஎன் போட்டார். வீட்டிலிருந்து கிளம்புகிற இணையம் நேரே வெளியே போகாது. பூட்டுப் போட்டு வேறொரு நாட்டுக்குப் போய், அங்கிருந்து ஆள் மாறித்தான் ஊருக்குள் இறங்கும். பக்கத்து நாடாகப் போட்டால் வேகமாவது கிடைக்குமே என்று கேட்டேன். பக்கத்தில் இருப்பவன்தான் எட்டிப் பார்ப்பான் என்று சொல்லி நெதர்லாந்தைப் பிடித்தார். ரவுட்டரோ ஆதிகாலத்துப் பெட்டி. எல்லாவற்றையும் பூட்டித் திறந்து, பூட்டித் திறந்து அதற்கு மூச்சு வாங்கியது.

முதலில் அடி வாங்கியது மதினியின் சீரியல். மாமியார் அறையக் கை ஓங்கினால், அறை விழுவதற்குள் மதினி உலை வைத்துவிட்டு வந்துவிடலாம். அப்புறம் ஒருநாள் அதுவும் நின்று, இந்த நிகழ்ச்சி உங்கள் நாட்டில் கிடையாது என்று திரையில் எழுதிவிட்டது.

மதினி நிதானமாகக் கேட்டாள்: "இந்தாருங்க, சங்கரன்கோவில் எந்த நாட்டுல இருக்கு?"

அடுத்த நாள் அடுப்பு பற்றவைக்கவில்லை. சாயங்காலத்துக்குள் அண்ணாச்சி டிவிக்கு மட்டும் தனி வழி விட்டுவிட்டார். அது நேரே வெளியே போகும், மற்றதெல்லாம் நெதர்லாந்து. டிவி இருக்கிற அறையில் அதற்குப் பிறகு அவர் வாயைத் திறப்பதில்லை. காபி வேண்டுமென்றாலும் கையால்தான் காட்டுவார்.

எனக்கும் இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, ஆபீஸ் மெயில் வரும்வரைக்கும். சென்னைக் கம்பெனி, வீட்டிலிருந்தே வேலை, ஆனால் நாட்டை விட்டு வெளியே போய் அந்த வேலையைப் பார்க்கக் கூடாது. நான் ஒரு வாரமாக நெதர்லாந்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பதாக அவர்கள் கணக்கில் தெரிகிறதாம். பதினோரு மணிக்கு வீட்டிலிருந்தே கேமராவைப் போட்டு விளக்கம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை. முந்தின வேலை போய், படாத பாடுபட்டுக் கிடைத்த வேலை இது. மாடியில் போன் சிக்னலும் பேருக்குத்தான்.

கீழே ஓடினேன். ஒரு ஆபீஸ்காரனுக்காக வீட்டைத் திறந்து போடமுடியாது என்றார் அண்ணாச்சி. எனக்கு வந்ததே கோபம்.

"உங்க ரகசியத்துக்கு என் சோறுதான் கிடைச்சுதா அண்ணாச்சி?"

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, வேகம் வரும்படி செய்கிறேன், நீ மேலே போ என்றார்.

ஆபீசிலிருந்து விசாரணைக்கு வந்த அதிகாரி அம்மாவின் முகம் திரையில் கட்டம் கட்டமாக வந்தது. நான் சங்கரன்கோவிலில்தான் இருக்கிறேன் என்றேன். என் வாய் அசைந்து முடித்த பிறகுதான் சத்தம் போயிருக்க வேண்டும்.

"காலையில நெதர்லாந்து. இப்போ சிங்கப்பூர்னு காட்டுதே சார்?"

தலையில் கைவைத்துவிட்டேன். வேகம் வேண்டுமென்று கேட்டதற்கு அண்ணாச்சி பக்கத்து நாட்டைப் பிடித்திருக்கிறார். நான் விளக்க விளக்க, படம் என் திறந்த வாயோடு அப்படியே உறைந்தது. பிறகு இணைப்பே அறுந்துபோனது. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

திரும்ப வந்தபோது படம் பளிச்சென்று இருந்தது. இந்த வீட்டில் அப்படி ஒரு படத்தை நான் பார்த்ததேயில்லை. கீழே அண்ணாச்சி பூட்டையே கழற்றிவிட்டிருக்கிறார் போல, இப்போது தமிழ்நாடு என்று காட்டுகிறதாம். ஆனால் அந்த அம்மா இரங்கவில்லை.

"மாத்தி மாத்தி வைக்கிறீங்க. இதை மட்டும் எப்படி சார் நம்புறது?"

மாடிப்படியில் இளைக்கிற சத்தம் கேட்டது. என் லேப்டாப் திறந்திருந்தால் வாசலோடு திரும்பிவிடுகிற மனுஷன், உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, கேமராவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.

"யம்மா, மாத்தி மாத்தி வச்சது இந்தத் தம்பி இல்ல. நான்."

தன் பெயரைச் சொன்னார். அப்பா பெயர், தெரு, கதவு எண், போன் நம்பர் எல்லாம் சொன்னார். எதுவும் பொய் இல்லை. ரவுட்டரின் உள்பக்கத்தைத் தன் போனில் திறந்து, எங்கே என்ன மாற்றினார் என்று கேமராவுக்குக் காட்டினார்.

"போதும் சார், இவ்வளவு டீடெயில்ஸ் வேண்டாம்" என்றார் அந்த அம்மா.

"எழுதிக்கோங்கம்மா. சந்தேகம்னா எனக்குப் போன் அடிங்க, நானே எடுக்கேன். இந்தப் பிள்ளை எங்கயும் போவல. என் வீட்லதான் இருக்கான்."

வேலை தப்பியது. அவர் உடனே எழுந்திருக்கவில்லை. கேமராவை அணைத்துவிட்டேனா என்று ஒருதடவைக்கு இருதடவை கேட்டுவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்று சாயங்காலமே டிவிக்கு விட்டதுபோல என் ஆபீஸ் லேப்டாப்புக்கும் தனி வழி கிடைத்தது. வீட்டின் மற்றதெல்லாம் மறுபடி பூட்டுக்குள் போய்விட்டது.

அவர் பெயரை நான் முதன்முதலாகக் காதால் கேட்டது அன்றைக்குத்தான். வீடும் கரண்டு பில்லும் அவருடைய அம்மா பெயரில் இருந்தன. எனக்கு அவர் எப்போதும் அண்ணாச்சி. இந்தக் கட்டுரைக்கு அவர் பெயரும் ஒரு போட்டோவும் கிடைக்குமா என்று பத்திரிகையில் கேட்டார்கள். போட்டோ கிடையாது. பெயர் தெரியும். எனக்காக அவர் வாய்திறந்து சொன்ன பெயர் அது. நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.